லினக்ஸை எடுத்துவிட்டு எந்த கெர்னலை வைப்பது?

2011 பிப்ரவரி 6 அன்று வெளிவந்த டெபியன் 6.0 பதிப்பில் இரண்டு புதிய வரவுகள் இருந்தன. வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கானவைதான். ஒன்று 32 பிட், மற்றொன்று 64 பிட். நிறுவிப் பார்த்தால் அதே ஏப்ட், அதே பாஷ், அதே அடைவு அமைப்பு. அடியில் ஓடியது மட்டும் ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னல். 'தொழில்நுட்ப முன்னோட்டம்' என்ற எச்சரிக்கையோடுதான் தந்தார்கள். ஆனாலும் டெபியனின் நிலையான வெளியீடு ஒன்றில் லினக்ஸ் அல்லாத கெர்னல் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

வேறு கெர்னலுக்குப் பெயர்த்த அந்த வடிவம், அதாவது போர்ட், இன்று இல்லை. 2014 நவம்பரில், எட்டாம் பதிப்புக்கான அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2023 ஜூலையில் முழுவதுமாக மூடினார்கள். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்டுக்கும் முன்பே, 1998-இல், ஹர்ட் என்னும் கெர்னலின் மேல் டெபியன் குனு/ஹர்ட் தொடங்கியிருந்தது. அதன் கெர்னல் வேகத்திலும் வன்பொருள் ஆதரவிலும் ஃப்ரீபிஎஸ்டியின் பக்கத்தில்கூட வராது. ஆனால் 2025 ஆகஸ்டில் அது 64 பிட் ஆதரவோடு புதிய வெளியீடு கண்டது. பெரும் சர்வர்களைத் தாங்கும் கெர்னலின் மேல் கட்டிய போர்ட் நின்றுபோய், சோதனைக்கூடத்தை இன்னும் தாண்டாத கெர்னலின் போர்ட் தொடர்கிறது. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை வேறு கெர்னலுக்குப் பெயர்க்க நினைப்பவர்களும், ஏற்கெனவே நடக்கும் முயற்சி ஒன்றில் சேர நினைப்பவர்களும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த முரணைத்தான். எதைத் தேர்வது என்பதற்கான விடை பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது.

காரணம் எவ்வளவு நாள் தாங்கும்?

கெர்னலை மாற்ற முனைந்தவர்கள் சொன்ன காரணங்கள் பல. சட்ட அச்சம் அவற்றில் ஒன்று. 2003 மார்ச்சில் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, லினக்ஸுக்குள் யூனிக்ஸ் நிரல் புகுந்துவிட்டது என்றது. லினக்ஸுக்கு ஏதேனும் நேர்ந்தால் கைவசம் இன்னொரு கெர்னல் இருக்கட்டும் என்று அன்று பலர் நினைத்ததில் நியாயம் இருந்தது. அந்த அச்சம் சில ஆண்டுகளில் கரைந்தது.

அதிகம் பேரை ஈர்த்தது வசதிகள்தான். ஃப்ரீபிஎஸ்டி கெர்னலில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை உள்ளேயே இருந்தது. லினக்ஸில் உரிமச் சிக்கலால் அதைக் கெர்னலோடு சேர்த்துத் தர முடியவில்லை. ஒரே கணினியைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் 'ஜெயில்' வசதியும், ஓபன்பிஎஸ்டியிலிருந்து வந்த பிஎஃப் தீயரணும் கூடவே கிடைத்தன. டெபியனின் பொதிக் களஞ்சியமும் இந்த வசதிகளும் ஒரே கணினியில் சேர்வது 2011-இல் உண்மையிலேயே பெரிய ஆசைதான்.

ஆனால் வசதிகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2013-இல் லினக்ஸுக்கான இசட்எஃப்எஸ், பரவலான பயன்பாட்டுக்கு ஏற்றது என்று அதை உருவாக்கியவர்களே அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அதே ஆண்டு டாக்கர் வந்து, லினக்ஸ் கன்டெய்னர்களைச் சாதாரண நிரலாளரின் மேசைக்குக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 13.0, லினக்ஸோடு பொதுவான ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 மூலநிரலையே எடுத்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் பக்கம் பலரை ஈர்த்த வசதி, பத்து ஆண்டுகளில் இரு பக்கமும் பகிரும் ஒரே நிரலாகிவிட்டது.

ஆகவே, 'அந்த கெர்னலில் இன்ன வசதி இருக்கிறது' என்பது மட்டுமே உங்கள் காரணமாக இருந்தால் போர்ட்டைத் தொடங்க வேண்டாம் என்பேன். நல்ல வசதி எதுவானாலும் மற்ற கெர்னல்களும் தேடிப்போகும். போர்ட் முதிர ஆகும் காலத்துக்குள் அது லினக்ஸுக்கே வந்துசேர வாய்ப்பு அதிகம். கெர்னலின் அமைப்பே வேறு, அதை லினக்ஸால் பின்பற்றவே முடியாது என்றிருந்தால் மட்டுமே காரணம் நீண்ட நாள் தாங்கும்.

எந்த இடத்தில் வெட்டுவது?

அடுத்த தேர்வு பலருக்கும் கண்ணில் படுவதில்லை. கெர்னலை மாற்றுகிறோம் என்றால் கோட்டை எங்கே போடுகிறோம்? பயன்பாட்டு நிரல்கள் கெர்னலோடு நேராகப் பேசுவது குறைவு. சி நிரலகமான லிப்சி நடுவில் நிற்கிறது. கோப்பைத் திற, நினைவகம் கொடு, புதிய புராசஸ் தொடங்கு என்று நிரல் கேட்பதைக் கெர்னலுக்கான சிஸ்டம் காலாக மாற்றித் தருவது அதன் வேலை. டெபியன் பயன்படுத்துவது குனுவின் ஜிலிப்சி. வேறு கெர்னலுக்குப் போகும்போது இரண்டு வழிகள் இருக்கின்றன: ஜிலிப்சியைப் புது கெர்னலின் சிஸ்டம் கால்களோடு பேசவைப்பது ஒன்று, புது கெர்னலோடு பிறந்த லிப்சியையே எடுத்துக்கொண்டு பொதிகளை அதன் மேல் ஏற்றுவது மற்றொன்று.

முதல் வழியில் ஆயிரக்கணக்கான பொதிகள் சிறு திருத்தத்தோடு, சில நேரம் திருத்தமே இல்லாமல், கம்பைல் ஆகும். அவை ஜிலிப்சியை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. அது அங்கே இருக்கிறது. ஆனால் பாரம் முழுவதும் ஜிலிப்சியைப் பெயர்க்கும் ஓரிருவர் தலையில் விழும். சிக்னல், திரெட், நினைவக ஒதுக்கீடு என்று ஆழமான இடங்களைத் தொட வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் எந்தக் காலத்திலும் குறைவு. இரண்டாம் வழியில் அடித்தளம் உறுதியாக இருக்கும், கெர்னலும் லிப்சியும் சேர்ந்தே வளரும். பாரம் மேலே போய், ஒவ்வொரு பொதியும் தன் பங்குக்குத் தொல்லை கொடுக்கும்.

கெர்னலுக்குக் கெர்னல் இதில் வேறுபாடு உண்டு. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக லினக்ஸ் தன் சிஸ்டம் கால்களையே நிலையாக வைத்திருக்கிறது. சோலாரிஸ் குடும்பத்தில் அந்த உறுதி லிப்சி மட்டத்தில்தான். கீழே உள்ளதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஓபன்பிஎஸ்டி அண்மை ஆண்டுகளில் இன்னும் இறுக்கிவிட்டது: தன் லிப்சியிலிருந்து வராத சிஸ்டம் காலைக் கெர்னலே மறுக்கிறது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு. கோ மொழிகூட அங்கே தன் பழைய வழியை விட்டு அவர்களுடைய லிப்சி வழியாகப் பேச மாறிக்கொண்டது. ஜிலிப்சியை அங்கே கொண்டுபோக நினைப்பவர் அந்தக் கதவைத் தட்டாமலிருப்பதே நல்லது.

கே-ஃப்ரீபிஎஸ்டி: வலுவான கெர்னல், தனித்துவிடப்பட்ட நிரலகம்

டெபியன் குனு/கே-ஃப்ரீபிஎஸ்டி முதல் வழியில் போனது. பெயரிலுள்ள 'கே', கெர்னலை மட்டுமே எடுத்தோம் என்பதற்கான அடையாளம். ஜிலிப்சியை ஃப்ரீபிஎஸ்டி கெர்னலோடு பேசவைக்கும் நிரலைத் தன்னார்வலர்கள் சிலர் எழுதினார்கள். அது ஜிலிப்சியின் மூலத்திட்டத்துக்குள் போகவில்லை. டெபியன் தன்னிடமே திருத்தங்களாக வைத்திருந்தது. ஜிலிப்சியின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அந்தத் திருத்தங்களை மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் புதிய பதிப்பு வந்தால் வலையமைப்பு, மவுன்ட், இசட்எஃப்எஸ் ஆகியவற்றின் கருவிகளையும் அதற்கு ஏற்பப் பெயர்த்துத் தர வேண்டும். இரண்டு ஆறுகளும் தத்தம் போக்கில் ஓட, நடுவில் சிலர் மட்டும் பாலத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் ஏன் கைகொடுக்கவில்லை என்று கேட்கலாம். அவர்களிடம் கெர்னலும் லிப்சியும் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் வளரும் முழு இயங்குதளம் இருக்கிறது. அதன் மேல் பல்லாயிரம் மென்பொருள்களைத் தரும் களஞ்சியமும் இருக்கிறது. டெபியனின் போர்ட் இல்லாவிட்டால் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. டெபியன் பயனர்களுக்கோ லினக்ஸ் இருக்கிறது. இரு பக்கமும் வரவேற்றார்கள். ஆனால் இரு பக்கத்திலும் யாருக்கும் அது இல்லாமல் முடியாது என்ற நிலை வரவில்லை.

2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு, லினக்ஸ் கட்டமைப்புகளுக்கு இயல்பான தொடக்க அமைப்பாக சிஸ்டம்டியைத் தேர்ந்தது. தீர்மானத்திலேயே 'லினக்ஸ் கட்டமைப்புகளுக்கு' என்று எழுதியிருந்ததைக் கவனியுங்கள். சிஸ்டம்டி லினக்ஸின் சிக்ரூப் உள்ளிட்ட வசதிகளை நம்பி எழுதப்பட்டது. மற்ற கெர்னல்களில் இயங்காது. க்னோம் போன்ற மேசைச்சூழல்கள் உள்நுழைவு மேலாண்மைக்கு அதைச் சார்ந்து நிற்கத் தொடங்கிய காலம் அது. போர்ட்டைக் கைவிட்டதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நவம்பரில் வெளியீட்டுக் குழுவின் கவலை, ஒரு நிலையான வெளியீட்டைப் பல ஆண்டுகள் பராமரிக்க ஆள் போதவில்லை என்பதுதான். ஆனால் ஆள் குறைவாக இருக்கும் திட்டத்தின் மேல் புதிதாக விழுந்த ஒவ்வொரு சுமையும் இரட்டிப்பாகத்தான் கனத்தது.

ஹர்ட்: மெலிந்த கெர்னல், சொந்த வீடு

ஹர்ட்டின் கதை முற்றிலும் வேறு. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் சொந்த கெர்னல் முயற்சி அது. 1990-இல் எழுதத் தொடங்கினார்கள். அடியில் குனு மாக் என்னும் மைக்ரோகெர்னல். அதன் மேல் கோப்பு முறைமை, வலையமைப்பு, புராசஸ் மேலாண்மை, அடையாளச் சரிபார்ப்பு ஒவ்வொன்றும் தனித்தனி சர்வராக, சாதாரண நிரல்களைப் போலவே இயங்கும்.

இந்த அமைப்பில் லினக்ஸால் எளிதில் பின்பற்ற முடியாத சிறப்பு 'டிரான்ஸ்லேட்டர்'. கோப்பு மரத்தின் எந்த முனையிலும் ஒரு நிரலைப் பொருத்திவைக்கலாம். அதைத் திறப்பவர் அந்த நிரலோடுதான் பேசுகிறார். தொலைவிலுள்ள எஃப்டிபி சர்வரை ஓர் அடைவாகக் காட்டலாம். வட்டின் படிமக் கோப்பை மவுன்ட் செய்யலாம். இவற்றுக்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. தன் கோப்புகளின் மேல் தனக்குள்ள உரிமையே போதும். ஒரு கோப்பு முறைமை சர்வர் செத்துப்போனால் கணினி முழுவதும் சாய வேண்டியதில்லை. பிழையைத் திருத்தி மறுபடி ஓடவிடலாம். ஹர்ட்டுக்குள்ளேயே இன்னொரு ஹர்ட்டை ஓடவிட்டுச் சோதிக்கவும் முடியும். கெர்னல் நிரல் கற்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பட்டறை எனக்குத் தெரிந்து இல்லை. கோப்பு முறைமை சர்வரில் பிழை தேட வழக்கமான ஜிடிபி போதும். கணினியை ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

குறைகள் சிறியவை அல்ல. சர்வர்களுக்கிடையே செய்தி போய்வருவதால் வேகம் குறைவு. பழைய காலத்தில் கோப்பு முறைமை சர்வர் வட்டுப் பகுதி முழுவதையும் தன் நினைவக வெளியில் விரித்துக்கொண்டது; 32 பிட் கணினியில் அந்த வெளி குறுகியது என்பதால் சுமார் 2 ஜிபிக்கு மேற்பட்ட பகுதியைப் பயன்படுத்த முடியாமல் இருந்தது. அந்தத் தடை நீங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வன்பொருள் டிரைவர்கள்தான் ஆறாத புண். முதலில் லினக்ஸ் 2.0 காலத்து டிரைவர்களை மாக்குக்குள் வைத்திருந்தார்கள். பிறகு லினக்ஸ் 2.6.32-இன் வலையமைப்பு டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே எடுத்து ஓட்டினார்கள். இப்போது நெட்பிஎஸ்டியின் டிரைவர்களை 'ரம்ப்' என்னும் அடுக்கின் வழியாகச் சாதாரண நிரலாகவே இயக்குகிறார்கள். 2025 வெளியீட்டில் வட்டுகளும் யுஎஸ்பி வட்டுகளும் அந்த வழியில்தான் இயங்குகின்றன. லேப்டாப்பில் நிறுவி, வைஃபையில் இணைந்து அன்றாட வேலை பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். குவெமு போன்ற மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுவதே சரியான தொடக்கம்.

இவ்வளவு குறையோடு ஏன் நிற்கிறது? ஹர்ட்டுக்கான ஜிலிப்சி நிரல், ஜிலிப்சியின் மூலத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஹர்ட்டுக்கென்று தனியாக வேறொரு பெரிய இயங்குதளமும் இல்லை. ஹர்ட்டை எழுதுபவர்களும் டெபியன் ஹர்ட்டைப் பராமரிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டம். அவர்கள் அன்றாடம் சோதிப்பதே டெபியனில்தான். டெபியன் போர்ட் நின்றால் ஹர்ட்டின் வீடே போய்விடும் என்பதால் அதை அவர்கள் விடுவதில்லை. காரணமும் காலாவதியாகவில்லை: டிரான்ஸ்லேட்டர் அமைப்பை லினக்ஸ் இதுவரை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற இரண்டு

நெட்பிஎஸ்டி கெர்னலின் மேலும் டெபியனை ஏற்றப் பார்த்தார்கள். 2002 வாக்கில் தொடங்கிய அந்த முயற்சியில் நெட்பிஎஸ்டியின் சொந்த லிப்சியோடு ஒரு கிளை, ஜிலிப்சியோடு இன்னொரு கிளை என்று இரண்டு இருந்தன. இரண்டும் வெளியீடு காணாமலே நின்றன. ஆனால் மேலே சொன்னபடி அதே நெட்பிஎஸ்டியின் டிரைவர்கள் இன்று டெபியன் ஹர்ட்டின் வட்டுகளை இயக்குகின்றன. ஒரு கெர்னலை முழுசாக வைப்பதைவிட அதன் நல்ல உறுப்பை எடுத்துப் பொருத்துவது நீடித்திருக்கிறது. முழு போர்ட்டைத் திட்டமிடும் எவரும் இந்த வழியையும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நல்லது.

நெக்சென்டா இரண்டாம் வழிக்குச் சரியான எடுத்துக்காட்டு. 2005 ஜூனில் சன் நிறுவனம் ஓபன்சோலாரிஸைத் திறந்துவிட்டதும், அதன் கெர்னலையும் சன்னுடைய லிப்சியையும் வைத்து, மேலே டெபியன், உபுண்டு பொதிகளை ஏற்றினார்கள். நிரலைவிட உரிமம் பெரிய முடிச்சாயிற்று. சன்னின் லிப்சி சிடிடிஎல் உரிமத்தில் இருந்தது. டிபிகேஜி போன்ற டெபியனின் அடிப்படைக் கருவிகள் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தன. இரண்டையும் இணைத்து ஒரே வட்டில் தரலாமா என்று டெபியன்காரர்கள் கடுமையாக விவாதித்தார்கள். 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கி ஓபன்சோலாரிஸின் கதவை மூடியது. சமூகம் இல்லுமாஸ் என்ற பெயரில் நிரலைக் காப்பாற்றியது. ஒரே நிறுவனத்தின் விருப்பத்தில் நிற்கும் கெர்னலைத் தேர்வதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொதிகளுக்குள் ஒளிந்திருக்கும் லினக்ஸ்

கெர்னலைத் தொடங்கவைத்து, லிப்சியை ஓடவைத்து, கட்டளைத் திரை வந்த நாளில் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையான கணக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது. இன்றைய டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன. ஹர்ட்டின் 2025 வெளியீட்டில் டெபியன் களஞ்சியத்தின் ஏறத்தாழ 72 விழுக்காடு கம்பைல் ஆகிறது. எஞ்சியவை ஏன் ஆகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், நிரலாளர்கள் தம்மை அறியாமலே லினக்ஸைப் பற்றி எழுதிவைத்த ஊகங்கள் வரிசையாக வெளிப்படும்.

பாதையின் அதிகபட்ச நீளம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. லினக்ஸில் அது 4096 பைட் என்று ஒரு மாறிலி சொல்கிறது. அந்த வரம்பை வரையறுத்தே ஆக வேண்டும் என்று பாசிக்ஸ் தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. ஹர்ட்டில் அப்படியொரு வரம்பே கிடையாது. ஆகவே அந்த மாறிலியை நம்பி நிலையான அளவில் இடம் ஒதுக்கிய நிரல்கள் ஹர்ட்டில் கம்பைல் ஆவதில்லை. தேவையான அளவைக் கேட்டு இடம் ஒதுக்கும்படி மாற்றினால் ஹர்ட்டில் ஓடும். லினக்ஸிலும் நீளப் பாதைகளில் நினைவகம் வழியும் பிழை குறையும். போர்ட் வேலையின் பயன் அந்தப் போர்ட்டோடு நிற்பதில்லை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இத்தகைய திருத்தங்களே காரணம்.

கே-ஃப்ரீபிஎஸ்டியில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 'இது லினக்ஸா? இல்லையென்றால் பிஎஸ்டியா?' என்று கேட்கும் நிரல்கள் ஏராளம். கெர்னல் பிஎஸ்டி, நிரலகம் குனு என்றால் இரண்டு விடைகளும் பாதி பொய்யாகிவிடும். லினக்ஸ் என்று நினைத்தால் ஈபோல், ஐநோட்டிஃபை போன்ற அங்கே இல்லாத வசதிகளைத் தேடும். பிஎஸ்டி என்று நினைத்தால் குனு நிரலகத்தில் இல்லாத செயல்பாடுகளை அழைக்கும். அதற்கென்று 'கெர்னல் மட்டும் ஃப்ரீபிஎஸ்டி' என்று சொல்லும் தனி மேக்ரோவையே வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது மிகப் பெரிய வாசல் ரஸ்ட் மொழி. எஸ்விஜி படங்களை வரையும் நிரலகம் சி மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாறியபோது, ரஸ்ட் கம்பைலர் இல்லாத போர்ட்டுகள் அதன் பழைய பதிப்பிலேயே நிற்க வேண்டிவந்தது. மேசைச்சூழலின் பெரும்பகுதி அந்த நிரலகத்தைச் சார்ந்திருக்கிறது. பைத்தானின் புகழ்பெற்ற மறையாக்க நிரலகமும் 2021-இல் ரஸ்ட்டைக் கேட்கத் தொடங்கியது. ஹர்ட்டின் 2025 வெளியீட்டில் ரஸ்ட் பெயர்க்கப்பட்டது 64 பிட் ஆதரவுக்கு இணையான செய்தி என்பேன். புதிய போர்ட்டைத் திட்டமிடுபவர்கள் ஜிசிசி, ஜிலிப்சிக்கு அடுத்தபடியாக ரஸ்ட்டையும் கோ மொழியையும் பட்டியலில் வைத்துவிட வேண்டும்.

கெர்னலைத் தொடாத பகுதிகளும் நிறைய உண்டு. தமிழ் எழுத்துகளைக் கோத்துத் திரையில் காட்டும் ஹார்ஃப்பஸ், பேங்கோ போன்ற நிரலகங்களுக்குக் கீழே எந்த கெர்னல் ஓடுகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. வரைகலைச் சூழல் ஒரு முறை எழுந்துவிட்டால் கொம்பும் புள்ளியும் லினக்ஸில் தெரிவதுபோலவே தெரியும்.

பெயர்க்காமலே முடியுமா?

பல தேவைகளுக்கு முடியும். ஃப்ரீபிஎஸ்டிக்குள் லினக்ஸின் சிஸ்டம் கால்களைப் புரிந்துகொள்ளும் அடுக்கு 1990-களிலிருந்தே இருக்கிறது. ஒரு ஜெயிலுக்குள் டெபியனை விரித்து, லினக்ஸுக்காகக் கம்பைல் செய்த நிரல்களை அப்படியே ஓட்டலாம். இசட்எஃப்எஸ்ஸும் வேண்டும், டெபியனின் சில நிரல்களும் வேண்டும் என்பவருக்கு இது போதும்.

இந்த வழியின் எல்லையைக் காட்டியது மைக்ரோசாஃப்ட். 2016-இல் வந்த டபிள்யூஎஸ்எல்லின் முதல் வடிவம் விண்டோஸ் கெர்னலின் மேல் உபுண்டு நிரல்களை இப்படித்தான் ஓட்டியது. கோப்பு வேலைகள் மந்தமாக இருந்தன; டாக்கர் போல லினக்ஸ் கெர்னலின் உள்வசதிகளை ஆழமாகக் கேட்கும் நிரல்களைத் திருப்திப்படுத்த முடியவில்லை. 2019-இல் அறிவித்த இரண்டாம் வடிவத்தில் மெய்நிகர் கணினிக்குள் உண்மையான லினக்ஸ் கெர்னலையே வைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்களை, அவற்றின் நுணுக்கங்களோடு, பின்தொடர்வது கட்டுப்படியாகவில்லை.

மூடிய ஃபர்ம்வேர் பிடிக்கவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், கெர்னலை மாற்ற வேண்டாம்; அவற்றை நீக்கித் தரும் லினக்ஸ்-லிப்ரே இருக்கிறது. பிஎஸ்டி கருவிகளின் எளிமை பிடித்திருக்கிறது என்றால் சிமேரா லினக்ஸைப் பாருங்கள். அது தலைகீழ் வழி: லினக்ஸ் கெர்னலின் மேல் ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படைக் கருவிகளும் மசல் லிப்சியும். வன்பொருள் ஆதரவை விடாமல் மேலடுக்கை மாற்றுவதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு மிக அருகில் இருக்கிறது.

யாருக்கு எது?

சர்வர் நடத்துபவருக்கு இசட்எஃப்எஸ்ஸும் ஜெயிலும் வேண்டுமென்றால் ஃப்ரீபிஎஸ்டியையே நிறுவட்டும். டெபியன் முகம் இல்லாத குறை ஓரிரு வாரத்தில் பழகிவிடும். பொருள் செய்து விற்கும் நிறுவனம் கெர்னல் போர்ட்டைத் தொடவே கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பல ஆண்டுகள் தனியாகச் சுமக்க அதனால் ஆகாது. கே-ஃப்ரீபிஎஸ்டியை மீட்டெடுக்க ஆசைப்படும் குழு முதலில் ஜிலிப்சியின் மூலத்திட்டத்தாரிடம் போக வேண்டும். அவர்கள் தங்கள் மரத்துக்குள் அந்த நிரலை ஏற்று வைக்க இசைந்தால் மட்டுமே அடுத்த அடி. அந்த இசைவு இல்லாமல் தொடங்கினால் பழைய முடிவே மறுபடி வரும்.

இயங்குதளம் எப்படி இயங்குகிறது என்று கையால் தொட்டு அறிய விரும்பும் கல்லூரிக் குழுவுக்கும் தனி நிரலாளருக்கும் தயங்காமல் ஹர்ட்டைச் சொல்வேன். ஆள் குறைவு என்பதால் புதியவரின் முதல் திருத்தத்துக்கே அங்கே மதிப்பு உண்டு. டெபியன் தரும் ஹர்ட் படிமத்தைக் குவெமுவில் ஓட்டுங்கள். கம்பைல் ஆகாத பொதிகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் பில்ட் பதிவும் பொதுவில் கிடைக்கின்றன. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிரலைத் தேட வேண்டாம். பிற பொதிகள் பல சார்ந்து நிற்கும் சிறிய நிரலகம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருத்தும்போது 'ஹர்ட் என்றால் இப்படிச் செய்' என்று எழுதாமல், வேண்டிய வசதி இருக்கிறதா என்று சோதித்து எழுதுங்கள். கெர்னலின் பெயரைக் கேட்கும் திருத்தங்களை மூல நிரலாளர்கள் ஏற்கத் தயங்குவார்கள். வசதியைக் கேட்கும் திருத்தம் அவர்களுக்கும் பயன்படும். டெபியன் பராமரிப்பாளருக்கு அனுப்புவதற்கு முன் மூலத்திட்டத்துக்கே அனுப்புங்கள். அங்கே ஏற்கப்பட்டால் அடுத்த பதிப்பிலிருந்து அதை யாரும் சுமக்க வேண்டியதில்லை. அந்த நிரலகம் கம்பைல் ஆன பிறகு பட்டியலை மறுபடி பாருங்கள். அதற்காகக் காத்திருந்த பொதிகளை பில்ட் சர்வர்கள் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியிருக்கும்.